"சிக்னல் போயிடுச்சு" என்கிற தீர்ப்பு

மாடல் விமானம் பறக்கவிடுகிறவர்களோடு கொஞ்ச நாள் பழகினால் இந்த வாக்கியம் காதில் விழாமல் போகாது. விமானம் மூக்கைக் குத்திக் கிடக்கும், இறக்கை ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம். ஓட்டியவர் அந்த இடத்துக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: "சிக்னல் போயிடுச்சு." பக்கத்தில் நிற்பவர், "எவ்ளோ தூரம் இருந்துச்சு?" என்பார். இருநூறு, இருநூற்றைம்பது மீட்டர். "பெட்டியில ஒன்றரை கிலோமீட்டர்னு போட்டிருந்தானே, அப்ப ரிசீவர் டூப்ளிகேட்தான்." வழக்கு முடிந்தது. புது ரிசீவர் வாங்குவார்கள், அதே விமானத்தில், அதே இடத்தில், அதே மாதிரி ஒட்டுவார்கள்.

இந்தக் கட்டுரை அந்தத் தீர்ப்பைப் பற்றியும், அதற்குச் சாட்சியாக வருகிற பெட்டி எண்ணைப் பற்றியும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: சிக்னலைத் தின்பது தூரம். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் படித்திருக்கிறோம், அது பொய்யும் இல்லை. ஆனால் மைதானத்தில் விழுகிற விமானங்களுக்குத் தூரம் பெரும்பாலும் குற்றவாளியே இல்லை என்பதுதான் என் வாதம்.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம். சாதாரண 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர், 100 மில்லிவாட். ரேடியோக்காரர்கள் இதை 20 டிபிஎம் என்பார்கள். தடையே இல்லாத வெட்டவெளியில் ஒரு கிலோமீட்டர் தாண்டும்போது இந்த அலைவரிசையில் ஏறக்குறைய 100 டெசிபல் இழப்பு. மிஞ்சுவது மைனஸ் 80 டிபிஎம். ரிசீவர் மைனஸ் 95 வரை புரிந்துகொள்ளும் என்று வைத்துக்கொள்வோம், இது ஒன்றும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. அப்படியானால் ஒரு கிலோமீட்டரில் இன்னும் 15 டெசிபல் கையிருப்பு. இருநூற்றைம்பது மீட்டரில் வந்து சேர்வது மைனஸ் 68, கையிருப்பு 27. இதே கணக்கை நீட்டிக்கொண்டே போனால் இந்தச் சாதனம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் எட்ட வேண்டும். பெட்டிக்காரர் ஒன்றரைதான் போட்டிருக்கிறார். அதாவது, திட்டு வாங்குகிற அந்த மனுஷன் அடக்கியே வாசித்திருக்கிறார்!

டெசிபல் கணக்கில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போகும், பத்து மடங்கானால் 20. அவ்வளவு மெதுவாகத்தான் தூரம் சிக்னலைத் தின்கிறது. இப்போது தூரத்தை விட்டுவிட்டு மற்றவை எவ்வளவு தின்கின்றன என்று பாருங்கள்.

டிரான்ஸ்மிட்டரின் மேல் குச்சி மாதிரி நிற்கிற ஆன்டெனா தன் பக்கவாட்டில்தான் அலையை வீசும். நுனி நோக்கும் திசையில் ஏறக்குறைய ஒன்றுமே போகாது. கையில் டிரான்ஸ்மிட்டரைப் பிடித்தவருக்கோ, டார்ச் லைட் மாதிரி நுனியை விமானத்தைப் பார்த்து நீட்டத்தான் உள்ளுணர்வு சொல்லும். நீட்டினால் 20 டெசிபல் சுலபமாகப் போய்விடும். மேலே சொன்ன கணக்குப்படி, விமானம் நின்ற இடத்திலேயே நின்று பத்து மடங்கு தூரம் தள்ளிப் போனதற்கு அது சமம். இருநூற்றைம்பது மீட்டர் இரண்டரை கிலோமீட்டர் ஆகிவிட்டது, நீங்கள் மணிக்கட்டைத் திருப்பியதால்.

விமானத்துக்குள்ளும் இதே கதை. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் வயரில் வேலை செய்யும் பகுதி நுனியில் இருக்கிற 31 மில்லிமீட்டர் மட்டும்தான். மீதி, அலையைக் கொண்டுபோகும் கேபிள். அந்த நுனியை பேட்டரியோடு சேர்த்து டேப் சுற்றி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கார்பன் ஃபைபர் குழாய்க்குள் அழகாகச் செருகி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், அலைக்கு அது சுவர். இரண்டு ஆன்டெனா உள்ள ரிசீவர் வாங்கி, இரண்டையும் ஒரே திசையில் இணையாக ஒட்டுவது இன்னொரு வழக்கம். ஒன்று குருடாகும் திசையில் மற்றது பார்க்க வேண்டும் என்றுதான் இரண்டு கொடுத்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்காவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் குருடாகும். விமானம் திரும்பும்போது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும், அரை விநாடிக்கு. ஓட்டுபவருக்குத் தெரிவதெல்லாம் "அந்தப் பக்கம் திரும்பினா மட்டும் ஏதோ ஆகுது" என்பதுதான். சில மைதானங்களில் அந்த மூலைக்கே கெட்ட பெயர் வைத்துவிடுகிறார்கள்.

அடுத்து தரை. இதைப் பற்றிப் பெட்டியில் ஒரு வரி கூட இருக்காது. டிரான்ஸ்மிட்டரிலிருந்து விமானத்துக்கு ஒரு அலை நேராகப் போகிறது, இன்னொன்று தரையில் பட்டுத் தெறித்துப் போகிறது. தாழ்ந்த கோணத்தில் தெறிக்கும்போது அலை தலைகீழாகிவிடும், ஆகவே இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். விமானம் ஐம்பது மீட்டர் உயரத்தில் இருக்கும்வரை இது பெரிய பிரச்சினை இல்லை. ரிசீவர் தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில், நீங்கள் மார்பளவில் டிரான்ஸ்மிட்டரைப் பிடித்துக்கொண்டு 250 மீட்டர் தள்ளி நின்றால், வெட்டவெளிக் கணக்கில் வந்ததைவிட ஏறக்குறைய 20 டெசிபல் குறைவாகக் கிடைக்கும். அதற்கு மேல் தூரம் இரட்டிப்பானால் போவது 6 இல்லை, 12. புல் உயரமாக இருந்தால் இன்னும் மோசம். மைதானத்தின் அந்தக் கோடியில் தாழ வந்து இறங்கும்போது மட்டும் விமானம் சொல்பேச்சு கேட்காமல் போவதற்கு இது ஒரு காரணம். ஒரே ரிசீவர், ஒரே டிரான்ஸ்மிட்டர். உயரம் மாறினால் ரேஞ்ச் பல மடங்கு மாறுகிறது. இதில் எந்த எண்ணைப் பெட்டியில் அச்சடிப்பது?

உயரப் போனால் மட்டும் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. தரையில் நிற்கும் ரிசீவருக்குப் பக்கத்து வீட்டு வைஃபை மரம், சுவர் எல்லாம் தாண்டித்தான் வர வேண்டும். நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் ரிசீவருக்கோ அந்த ஏரியாவின் எல்லா வைஃபையும் நேர்ப்பார்வையில். ஊர் ஓரத்து மைதானத்தில் தரையில் செய்த ரேஞ்ச் செக் பிரமாதமாக வந்து, மேலே போனதும் சிக்னல் தரம் இறங்குவதற்கு இது போதும். போதாதென்று விமானத்தின் மூக்கிலேயே வைஃபையை அணைக்காமல் ஒரு ஆக்‌ஷன் கேமராவைக் கட்டி அனுப்புகிறோம்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் உண்மையிலேயே சிக்னல் சம்பந்தப்பட்டவை. "அப்ப சிக்னல் போயிடுச்சுன்னு சொன்னது சரிதானே" என்று நீங்கள் கேட்கலாம். வாக்கியம் சரி, காரணம் தப்பு. காரணம் தப்பானால் மருந்தும் தப்பாகும். பவரைக் கூட்டு என்பார்கள். 100 மில்லிவாட்டை ஒரு வாட் ஆக்கினால், அதாவது பத்து மடங்கு, கிடைப்பது 10 டெசிபல்; தூரக் கணக்கில் மூன்று மடங்கு சொச்சம். ஆன்டெனாவைச் சரியாக வைத்திருந்தால் காசு செலவில்லாமல் 20 கிடைத்திருக்கும். ஐரோப்பாவில் இந்த அலைவரிசையில் 100 மில்லிவாட்டுக்கு மேல் வீச அனுமதியே இல்லை, அங்கேயும் மாடல் விமானங்கள் பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

இனி சிக்னலுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு. என் பார்வையில் பெரிய குற்றவாளிகள் இவைதான்.

முதலாவது மின்னழுத்தம். ரிசீவர் என்பது ஒரு சின்ன கம்ப்யூட்டர். சர்வோக்களுக்கும் அதற்கும் ஒரே இடத்திலிருந்துதான் கரண்ட் போகிறது. நான்கு டிஜிட்டல் சர்வோக்கள் ஒரே நேரத்தில் வேகமாக அசையும்போது, அதுவும் ஒன்று எங்கோ இடித்துக்கொண்டு நின்றால், மோட்டார் கன்ட்ரோலரில் உள்ள மலிவான பிஇசி மூச்சுத் திணறும். 5 வோல்ட் ஒரு கணம் சரியும். ஸ்பெக்ட்ரம் ரிசீவர்களுக்கு அந்த எல்லை 3.5 வோல்ட் என்று அந்த நிறுவனமே சொல்லியிருந்தது. அதற்குக் கீழே போனால் ரிசீவர் அணைந்து மறுபடி எழும். ஆரம்ப காலத்து மாடல்கள் மறுபடி டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிக்கச் சில விநாடிகள் எடுத்தன. விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் விமானத்துக்கு இரண்டு விநாடி என்றால் 30 மீட்டர். இருபது மீட்டர் உயரத்தில் மூக்கு கீழே இருந்தால் கதை முடிந்தது. எல்லா சர்வோவையும் ஒரே நேரத்தில் அசைப்பது எப்போது? டைவிலிருந்து வெடுக்கென்று எலிவேட்டரை இழுக்கும்போது. ஓட்டியவர் பார்ப்பது என்ன? "முழுசா இழுத்தேன், கேக்கவே இல்ல." சிக்னல் போயிடுச்சு!

பிற்பாடு ரிசீவர்கள் வேகமாக மீண்டும் இணைந்துகொள்ளவும், இடையில் மின்சாரம் சரிந்திருந்தால் விளக்கைச் சிமிட்டிக் காட்டவும் கற்றுக்கொண்டன. விழுந்த விமானத்தில் அந்த விளக்கைப் பார்க்க வேண்டியது முதல் வேலை. ஆனால் கையில் எடுத்த உடனே பேட்டரியைக் கழற்றிவிடுவதுதான் நம் முதல் வேலை. தீப்பிடிக்கும் என்ற பயத்தில் செய்வதைக் குறை சொல்லவும் முடியாது. ஒரே ஒரு விநாடி பார்த்துவிட்டுக் கழற்றலாம்.

இரண்டாவது, கண். ஒன்றரை மீட்டர் இறக்கை உள்ள விமானம் 400 மீட்டரில் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? முழுநிலவின் அகலத்தில் பாதி கூட இல்லை. நீட்டிய கையில் பிடித்த இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். மேகத்தின் முன்னால் வெறும் கறுப்பு நிழல். அது நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, இடப்பக்கம் சாய்ந்திருக்கிறதா, வலப்பக்கமா என்று மூளை ஊகம்தான் செய்கிறது. ஊகம் தலைகீழானால், இடது கொடுத்தால் வலது போகிற மாதிரித் தெரியும். இன்னும் அழுத்தி இடது கொடுப்போம், இன்னும் மோசமாகும். விமானம் கடைசி நொடி வரை சொன்னதை அப்படியே கேட்டிருக்கும். இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகளும் மாடல் விமானத்தைக் கண்பார்வைக்குள் ஓட்டுவது என்றுதான் வரையறுக்கின்றன. அதாவது சட்டப்படியும் உடம்புப்படியும் ரேடியோவுக்கு முன்னால் கண்ணோட ரேஞ்ச்தான் முடிகிறது. எந்தப் பெட்டியிலும் அதைப் போட மாட்டார்கள்.

பிறகு ஏன் எல்லாரும் சிக்னலையே சொல்கிறார்கள்? சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இந்தத் தீர்ப்புக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ், பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ் என்று பறந்த நாட்களில் ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரும் ஒரு சேனலில்தான் வேலை செய்யும். அதே சேனலில் இன்னொருவர் சுவிட்சைப் போட்டால் உங்கள் விமானம் காலி. அதற்காகவே மைதானத்தில் ஒரு பலகை இருக்கும். துணி காயப்போடும் கிளிப்பில் சேனல் எண் எழுதியிருக்கும். கிளிப் கையில் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரைத் தொடக்கூடாது. யாராவது மறந்து தொட்டுவிடுவார்கள். "என்னைச் சுட்டுட்டாங்க" என்று விழுந்த விமானத்தோடு ஒருவர் கத்தினால், பல நேரம் நிஜமாகவே யாரோ சுட்டிருந்தார்கள். 2005-06-ல் ஸ்பெக்ட்ரம் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கொண்டுவந்த பிறகு அந்தக் கிளிப்புகளுக்கு வேலை போய்விட்டது. அந்தக் காலத்துத் தீர்ப்பு மட்டும் பென்ஷன் வாங்காமல் இன்னும் டூட்டியில் இருக்கிறது.

அந்த மாற்றத்தில் நாம் ஒன்றை இழந்தோம், அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பழைய எஃப்எம் ரிசீவரில் சிக்னல் பலவீனமானால் சர்வோக்கள் துடிக்கும். விமானம் வெட்டி வெட்டி இழுக்கும். பயமாக இருக்கும், ஆனால் அது எச்சரிக்கை. திருப்பிக் கொண்டுவர நேரம் கிடைக்கும். டிஜிட்டலில் துடிப்பு கிடையாது. பாக்கெட் சரியாக வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் ரிசீவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முந்தைய கட்டளையையே வைத்துக்கொள்ளும். பத்தில் ஐந்து பாக்கெட் தொலைந்தாலும் ஓட்டுபவர் கைக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் நன்றாக, நன்றாக, நன்றாக இருந்து, சட்டென்று ஒன்றுமே இல்லை. ஸ்பெக்ட்ரம் கணக்கில் தொடர்ந்து 45 ஃப்ரேம் தொலைந்தால்தான் அதற்கு 'ஹோல்ட்' என்று பெயர், ஏறக்குறைய ஒரு விநாடி. விளிம்பு எங்கே இருக்கிறது என்று விரல் நுனிக்குத் தெரிவதில்லை. ஆகவே எண்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்கள் இப்போது சும்மாவே கிடைக்கின்றன என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். எட்ஜ்டிஎக்ஸ் ஓடுகிற டிரான்ஸ்மிட்டர் என்றால் சிக்னல் வலிமை, பாக்கெட் சதவீதம், ரிசீவர் மின்னழுத்தம், ஸ்டிக் நிலை எல்லாவற்றையும் மெமரி கார்டில் எழுதி வைக்கும். விழுந்த பிறகு அந்த ஃபைலைத் திறந்தால் முக்கால்வாசி வழக்கு தீர்ந்துவிடும். பாக்கெட் சதவீதம் நூறிலேயே நின்று தரை வரை வந்திருந்தால், சிக்னல் நிரபராதி. மின்னழுத்தம் சரிந்த கணத்தில் எல்லாம் ஒன்றாக நின்றிருந்தால் பிஇசி-யைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: டிரான்ஸ்மிட்டர் "டெலிமெட்ரி லாஸ்ட்" என்று பெண் குரலில் அறிவித்ததை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரிசீவர் கரண்ட் இல்லாமல் மயங்கினாலும் அதே குரல்தான் வரும். தவிர, கீழே வருகிற டெலிமெட்ரி பல செட்களில் மேலே போகிற கட்டளையைவிடக் குறைந்த பவரில் வருவது. அது முதலில் அறுந்துபோகும், கட்டளை இன்னும் போய்க்கொண்டிருக்கும்.

பெட்டி எண் சுத்தமாக வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஒரே கம்பெனியின் இரண்டு ரிசீவரை ஒப்பிட உதவும். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் மாதிரியான திறந்த மூலத் திட்டங்கள் இதை நேர்மையாகச் செய்கின்றன. கிலோமீட்டர் சொல்லாமல், ஒவ்வொரு வேகத்துக்கும் ரிசீவர் எவ்வளவு மெல்லிய சிக்னலைப் புரிந்துகொள்ளும் என்று ஆவணத்தில் கொடுத்திருக்கிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 500 பாக்கெட் என்றால் மைனஸ் 105, விநாடிக்கு 50 என்றால் மைனஸ் 115. பத்து டெசிபல் வித்தியாசம். வேகம் வேண்டுமா, எட்டும் தூரம் வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று அந்த அட்டவணை முகத்துக்கு நேரே சொல்கிறது. விளம்பரமோ இரண்டையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடும்.

எனக்குப் பெட்டியில் வேண்டியது வேறு ஒரு தகவல்: சிக்னல் போனால் இந்த ரிசீவர், கம்பெனி அமைப்பிலேயே விட்டால், என்ன செய்யும்? த்ராட்டிலை அணைக்குமா, கடைசியாக இருந்த நிலையிலேயே வைத்திருக்குமா? இரண்டாவது என்றால், முழு த்ராட்டிலில் சிக்னல் போன மூன்று கிலோ விமானம் முழு த்ராட்டிலிலேயே மைதானத்தைத் தாண்டி, சாலையைத் தாண்டி, வீடுகள் இருக்கும் பக்கம் போகும். பிரிட்டன் மாடல் விமானச் சங்கத்தின் கையேடு குறைந்தபட்சம் எஞ்சினை ஐட்லுக்குக் கொண்டுவரும்படி ஃபெயில்சேஃப் அமைக்கச் சொல்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டரா இரண்டா என்று கடையில் வாக்குவாதம் செய்கிறவர்களில் இதைக் கேட்பவர்கள் எத்தனை பேர்?

2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கரின் மாடல் விமானம் நியூஃபவுண்ட்லாந்தின் கேப் ஸ்பியரில் கிளம்பி அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே இறங்கியது. பால்சா மரத்தில் செய்தது, கிளம்பும்போது ஐந்து கிலோவுக்கும் குறைவு, பெயர் டாம்-5. தூரம் ஏறக்குறைய 3,028 கிலோமீட்டர், ஏறக்குறைய 39 மணி நேரம். அப்போது ஹில்லுக்கு வயது 77, கண்பார்வை பெரும்பாலும் போயிருந்தது. அந்த விமானத்தின் ரேடியோ ரேஞ்ச் என்ன? நீங்களும் நானும் ஓட்டுவது போலத்தான். கிளம்பும்போது கரையில் இருந்தவர்கள் ரேடியோவில் ஓட்டினார்கள், அந்தப் பக்கம் காத்திருந்தவர்கள் ரேடியோவில் வாங்கி இறக்கினார்கள். நடுவில் அட்லாண்டிக் முழுவதும் எவர் கையிலிருந்த டிரான்ஸ்மிட்டரும் அதற்கு எட்டாது, ஆட்டோபைலட்தான் ஓட்டியது. சிக்னல் இல்லாதபோது என்ன செய்ய வேண்டும் என்று அந்த விமானத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள்.

நம் விமானத்துக்கு ஆட்டோபைலட் வேண்டியதில்லை. ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலைப் பாதிக்கு ஏற்றி, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்கிறதா, சர்வோக்கள் எங்கே போய் நிற்கின்றன என்று தெரியும். எலிவேட்டரையும் ஏலரானையும் எப்படி வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. நடுவில் விட்டு நேராகச் சறுக்க விடு என்பார்கள் சிலர், லேசாகத் திருப்பி வட்டமடித்து மைதானத்துக்குள்ளேயே இறங்க விடு என்பார்கள் சிலர். மெல்ல மிதக்கும் கிளைடருக்கு இரண்டாவது சரி. கனமான, வேகமான விமானத்துக்கு நான் அதைச் செய்ய மாட்டேன், கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தால் சுருள் சுருளாக வேகம் எடுத்துவிடும். ரிசீவரை மாற்றினால், மறுபடி பைண்ட் செய்தால், இந்தச் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். சில ரிசீவர்கள் பைண்ட் செய்கிற நேரத்தில் ஸ்டிக் எங்கே இருக்கிறதோ அதையே ஃபெயில்சேஃப் என்று எழுதிக்கொள்கின்றன.